ஆறு கரண்டிக் கனல்

மேகங்களுக்குச் சற்றுக் கீழேயும் மற்ற நாடுகளுக்கெல்லாம் வெகுதூரம் மேலேயும் வெண்சரிவு என்றொரு நாடு இருந்தது. அங்கே எட்டு மாதம் வெயில் காயும், நான்கு மாதம் பனி பெய்யும். அவ்வளவு உயரத்தில் மரம் முளைப்பதில்லை; ஆகவே விறகு கிடையாது. ஆனால் அரண்மனைக்குப் பின்னால், மலையின் இடுப்பில், கனல்வாய் என்றொரு பிளவு இருந்தது. அதன் அடியில் நிலக்கரி, யார் மூட்டியதென்று தெரியாமல், பல தலைமுறைகளாக எரிந்துகொண்டிருந்தது. யாரும் மூட்டாத நெருப்பு யாருக்குச் சொந்தம் என்று ஒருவர் முன்னொரு காலத்தில் கேட்டதாகவும், அவர் அதற்குப் பிறகு வேறு கேள்வி எதையும் கேட்கவில்லை என்றும் அந்நாட்டு வரலாறு கூறுகிறது. எனவே நெருப்பு அரசருடையது.

நாள்தோறும் காலையில் இரும்பு மூடி போட்ட கனல் வண்டிகள் தெருத்தெருவாக வரும். அளவர் என்னும் அரசு ஊழியர் நீளக் கரண்டியால் கனலை அளந்து வீட்டுச் சட்டியில் கொட்டுவார். மாலையில் திரும்பி வந்து, எரிந்து முடிந்த சாம்பலைப் பானையில் வாங்கி நிறுத்துக் குறித்துக்கொள்வார். கனலை யாரும் பதுக்கவில்லை, விற்கவில்லை, அணைத்து வைக்கவில்லை என்பதற்குச் சாம்பலே சாட்சி.

வெயில் மாதங்களில் ஒரு வீட்டுக்கு நாளுக்கு மூன்று கரண்டி போதும். சமையலுக்கும் குளிக்க வெந்நீருக்கும் அது காணும். பனி மாதங்களில் பன்னிரண்டு கரண்டி வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்ணீர்ப் பானை வீட்டுக்குள்ளேயே உறையும். நாளுக்கு எத்தனை கரண்டியோ, மாதத்துக்கு அத்தனை காசு. கோடையில் மூன்று காசு கொடுத்துப் பழகியவர்கள் குளிரில் பன்னிரண்டு காசுக்கு எங்கே போவார்கள்? கம்பளியை விற்றுக் கனல் வாங்கினார்கள். கம்பளி போனதால் இன்னும் கொஞ்சம் கனல் தேவைப்பட்டது.

கீழ்த்தெருவின் அளவன் ஆதன் இதை ஒன்பது குளிர்காலமாகப் பார்த்துவந்தான். ஒரு கணக்கை மூன்று தடவை சரிபார்த்துவிட்டு, நான்காவது தடவை பார்க்காமல் விட்டோமே என்று படுக்கையில் புரள்கிற ஆள் அவன். அவன்தான் ஒருநாள் உட்கார்ந்து எழுதினான்: ஒரு வீட்டின் ஓராண்டுச் செலவைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஆறு காசு வருகிறது. எல்லா மாதமும் ஆறு காசு வாங்கிக்கொண்டு, கனலை மட்டும் தேவைக்கேற்பக் கொடுத்தால், அரசுக்கு நட்டமில்லை. யாரும் கம்பளியை விற்க வேண்டியதில்லை.

எழுதியதை அனுப்பாமல் பன்னிரண்டு நாள் மடித்து வைத்திருந்தான்.

"ஏங்க, அனுப்பறதா இல்லைன்னா எதுக்கு எழுதுனீங்க?" என்றாள் மனைவி மருதி.

"எங்கயாவது தப்பு இருக்கும் மருதி. இவ்வளவு சுலபமா இருந்தா இத்தனை வருஷத்துல யாராவது சொல்லியிருக்க மாட்டாங்களா?"

"எல்லாரும் உங்கள மாதிரியே மடிச்சு வச்சிருப்பாங்க."

அவன் அதை மனுவாக, பெயர் போடாமல் அனுப்பினான். வெயிலின் முதல் மாதத்தில் கனலமைச்சர் குலசிங்கர் அரண்மனை முற்றத்தில் பேசினார். "குடிமக்கள் கோடையில் சிரிக்கிறார்கள், குளிரில் அழுகிறார்கள். இந்த ஏற்றத்தாழ்வை இவ்வரசு இனியும் பொறுத்துக்கொள்ளாது" என்று கூறி, மாதம் ஆறு காசு என்னும் சமக் கனல் திட்டத்தை அறிவித்தார். அது தமக்கு உதித்த யோசனை என்றும் குறிப்பிட்டார். ஆதனுக்கு வருத்தமில்லை. தப்பு இருந்தால் அதுவும் அமைச்சருடையதாகிவிடும் என்று ஓர் ஓரத்தில் நிம்மதிகூட வந்தது.

நான்கு மாதம் எல்லாம் சரியாகவே நடந்தது. ஐந்தாம் மாதத்தில் அமைச்சர் கனல் துறையின் ஏடுகளைப் பார்வையிட்டுத் திடுக்கிட்டார்.

"ஒரு குடிமகன் ஆறு காசு தருகிறான். மூன்று கரண்டி பெறுகிறான். மீதி மூன்றை அரசு திருடிக்கொள்கிறதா?"

அப்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் கேள்வி தம் வாயிலிருந்தே வந்துவிட்டதால் அமைச்சர் மிகவும் புண்பட்டார். மறுநாளே ஆணை பிறந்தது: கொடுப்பது சமம் என்றால் பெறுவதும் சமமாகவே இருக்க வேண்டும். இனி எல்லா வீட்டுக்கும் எல்லா நாளும் ஆறு கரண்டி. வேண்டாம் என்பவர் அரசின் நேர்மையைச் சந்தேகிப்பவர்.

அந்த வெயிலில் ஆறு கரண்டிக் கனலையும் வீட்டுக்குள் வைத்து எரித்தே ஆக வேண்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி அணைத்தால் சாம்பலின் எடை காட்டிக்கொடுத்துவிடும். மக்கள் அடுப்பை உள்ளே எரியவிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். மருதிக்கு அப்போது மூன்றாம் மாதம். உள்ளே போய்ச் சோற்றை இறக்கிவிட்டு வெளியே ஓடிவருவாள். வேர்வையில் புடவை உடம்போடு ஒட்டியிருக்கும். பக்கத்து வீட்டுச் சலவைக்காரி சிவப்பி ஈரத் துண்டை அவள் தலையில் போட்டுவிட்டு ஆதனைப் பார்த்துச் சொல்வாள்: "எனக்கென்னண்ணே, தேய்ப்புப் பெட்டிக்குக் கனல் தாராளம். ஆனா இந்த வேகத்துல போனா துணிக்குள்ள ஆளையும் வச்சுத் தேய்ச்சிருவேன் போல."

ஆதன் தன் மனுவின் நகலை எடுத்துப் படித்துப் பார்த்தான். "கனலை மட்டும் தேவைக்கேற்ப" என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தது. அந்த வரியை இன்னும் பெரிதாக எழுதியிருக்க வேண்டுமோ என்று நினைத்தான்.

பனி தொடங்கியது. வண்டி வந்தது. ஆறு கரண்டி.

கூடுதல் காசு தருகிறேன் என்றவர்களுக்கு, காசின் ஏற்றத்தாழ்வை ஒழிக்கவே திட்டம் வந்தது என்பது நினைவூட்டப்பட்டது. பனியின் இரண்டாம் மாதத்தில், ஒரு விடியற்காலை, மருதிக்கு ஏழரை மாதத்திலேயே குழந்தை பிறந்தது. பெண். ஆதனின் ஒரு கையில் அடங்கியது. மருத்துவச்சி அதைத் துணியில் சுற்றி மருதியின் மார்போடு கட்டிவிட்டு, கைகளைத் துடைத்தபடி சொன்னாள்: "நாப்பது நாளு. அடுப்பு ஒரு வேளைகூட அணையக் கூடாது. இதுக்குத் தன் சூட்டைத் தானே காப்பாத்திக்கிற தெம்பு இல்ல. நாப்பது தாண்டிட்டா அப்புறம் அதுவே பாத்துக்கும். அதுவரைக்கும் பேரு வைக்காதீங்க."

ஆறு கரண்டி மதியம் வரை எரியும். இழுத்துப் பிடித்தால் பொழுது சாயும் வரை வரும். அதற்கு மேல் வெறும் சாம்பல்.

அன்றே ஆதன் கனல் அலுவலகத்துக்குப் போனான். குலசிங்கர் தடித்த கம்பளியைப் போர்த்தியிருந்தார். அமைச்சகமும் ஆறு கரண்டிதான் பெற்றது. ஆனால் ஒவ்வோர் அறையும் தனி வீடாகப் பதிவாகியிருந்தது.

"ஐயா, என் குழந்தைக்கு நாப்பது நாளைக்கு மட்டும் பன்னிரண்டு கரண்டி வேணும். கோடையில எனக்குக் கூடுதலா கொடுத்த மூணு மூணு கரண்டி எனக்குத் தேவைப்படல. அதைக் கழிச்சுக்கிட்டாக்கூடப் போதும்."

"கோடையில் உமக்குக் கொடுத்த கனலை நீர் எரித்துவிட்டீர் அல்லவா? சாம்பல் வந்திருக்கிறதே."

"எரிக்கணும்னு ஆணை இருந்துச்சுங்க."

"ஆணையை மதித்ததற்கு நன்றி." அமைச்சர் ஓர் ஏட்டைப் புரட்டினார். "வெண்சரிவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை என்னவென்று அளவராகிய உமக்குத் தெரிந்திருக்கும். மிகவும் இதமானது."

"இன்னைக்கு இதமா இல்லீங்களே."

"இன்று என்பது ஒரு நாள். ஒரு நாளை வைத்துக்கொண்டு எந்த அரசும் ஆள்வதில்லை."

ஆதன் தயங்கினான். பிறகு, இதுவரை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னான். "ஐயா, அந்த மனுவை எழுதுனது நான்தான். நான் நினைச்சது இது இல்ல."

குலசிங்கர் முதன்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. "அப்படியா? உமது மனுவில் சமம் என்ற சொல் எத்தனை முறை வருகிறது?"

"ஏழு முறை, ஐயா."

"ஒன்றைக்கூட நாங்கள் நீக்கவில்லை." அவர் குரலில் உண்மையான கனிவு இருந்தது. பிறகு ஆதனின் கைகளைக் கவனித்தார். "நீர் நடுங்குகிறீரா?"

"குளிருதுங்க."

அமைச்சர் எதையோ குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள் அடுத்த ஆணை வந்தது. ஒரு குடிமகன் ஓராண்டில் நடுங்க வேண்டிய நடுக்கத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். குளிரிலேயே மொத்தமாக நடுங்கித் தீர்ப்பவர், பின்வரும் மாதங்களின் பங்கை முன்கூட்டியே எடுத்துக்கொள்பவர் ஆவார். மிகுதியாக நடுங்கியவர்கள் கோடையில் வந்து அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும். தெருமுனைகளில் நடுக்கம் குறிப்பவர்கள் நின்றார்கள். அவர்களும் நடுங்கியதால் ஒருவரையொருவர் குறித்துக்கொண்டார்கள்.

குழந்தையின் ஐந்தாம் நாள் மாலையில் அடுப்பு சாம்பலானது. மருதி குழந்தையின் உள்ளங்காலைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதே காலை ஆதனின் கன்னத்தில் வைத்தாள். அது கூழாங்கல்லைப் போல இருந்தது.

அப்போது சிவப்பி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் தன் வீட்டுக் கனல் சட்டி. அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுத் தையல்காரர் சாத்தப்பர் தன் சட்டியோடு நின்றார்.

"தள்ளுங்கண்ணே. மூணு வீட்டுல மூணு அரைகுறை அடுப்புக்குப் பதிலா ஒரு வீட்டுல ஒரு முழு அடுப்பு. இனிமே எல்லாரும் இங்கதான்."

"சிவப்பி, சாம்பல் கணக்கு இருக்கு. ரெண்டு வீட்டுல சாம்பலே வராது."

"சாம்பலை நிறுக்கிறது யாரு?"

"நான்தான்."

"பின்ன என்ன? கோடையில எங்களை வாட்டி எடுத்தீங்களே, அதுக்கு இப்ப ஒரு பொய் சொல்லுங்க."

ஆறும் ஆறும் ஆறும் பதினெட்டு. வீடு சூடாயிற்று. சாத்தப்பரின் பிள்ளைகள் நால்வரும் சுவரோரம் வரிசையாகப் படுத்தார்கள். சிவப்பியின் கணவன் மாடன் மட்டும் வரவில்லை. அவனுக்கு நெஞ்சில் சளி. இருமினால் அடங்க அரைமணியாகும். பிறந்த பிள்ளைக்குப் பக்கத்தில் இருமக் கூடாது என்று தன் வீட்டிலேயே இருந்துகொண்டான். "எனக்கு இவ தேய்க்க வச்சிருக்கிற ஊர்த்துணி மொத்தமும் இருக்கு. ராசா மாதிரி போத்திக்கிட்டுப் படுப்பேன், போ" என்று ஆதனை விரட்டினான்.

அதன் பிறகு ஆதன் ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டுச் சாம்பலை மூன்று பானைகளில் பிரித்தான். தப்பு நேர்ந்துவிடக் கூடாதென்று தராசில் வைத்து, ஒரு சிட்டிகை கூட்டி, ஒரு சிட்டிகை குறைத்து, மூன்றையும் முள் அசையாதபடி சமமாக்கினான். அதில்தான் அவன் மாட்டிக்கொண்டான்.

பத்தொன்பதாம் நாள் மேலளவர் கீழ்த்தெருவுக்கு வந்தார். கனல் துறையில் முப்பது ஆண்டு சாம்பல் பார்த்தவர். மூன்று பானைகளையும் வரிசையாக வைத்துவிட்டு, எடைக் கணக்கு ஏட்டைப் புரட்டினார்.

"பதினான்கு நாளாக மூன்று வீட்டிலும் ஒரே எடை. என் வீட்டு அடுப்பிலேயே நேற்று விழுந்த சாம்பல் இன்று விழுவதில்லை. இத்தனை சமமான சாம்பலை நான் பார்த்ததே இல்லை, ஆதன்."

மேலளவர் எழுந்து சிவப்பியின் வீட்டுக்குள் போனார். அடுப்பில் கை வைத்துப் பார்த்தார். உள்ளே துணிக் குவியலுக்கு அடியிலிருந்து மாடன் இருமினான். சாத்தப்பரின் வீட்டுக்குப் போனார். அங்கே அடுப்பின் மேல் உறைபனி படிந்திருந்தது. பிறகு ஆதனின் வீட்டுக் கதவைத் திறந்தார். அனல் அவர் முகத்தில் அடித்தது. மருதி குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"எத்தனை பேர்?" என்றார் மேலளவர்.

"ஒம்பது," என்றாள் சிவப்பி. "உங்களையும் சேத்தா பத்து. கதவைச் சாத்துங்க, குளிரு வருது."

அவர் கதவைச் சாத்தினார். உள்பக்கமாகத்தான். அடுப்பில் கை காட்டியபடி சிறிது நேரம் நின்றார். ஏட்டில் ஏதோ எழுதினார். "நன்று. தொடருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தொடருங்கள் என்ற சொல்லை ஆதன் அதற்குப் பிறகு பல நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தண்டனை வரவில்லை. கனலும் நிற்கவில்லை. ஏன் என்று புரியாதது தண்டனையைவிட மோசமாக இருந்தது.

இருபத்தேழாம் நாள் காலை மாடன் எழுந்திருக்கவில்லை. சிவப்பி ஊர்த்துணி மொத்தத்தையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசித் துணிக்கு அடியில் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். இறப்புப் பதிவில், காரணம் என்ற இடத்தில், தனக்கு ஒதுக்கப்பட்ட கனலைத் தானே பயன்படுத்தாமை என்று எழுதப்பட்டது. அவன் இன்னும் செலுத்த வேண்டியிருந்த மாதங்களின் காசு அவன் மனைவி பெயருக்கு மாற்றப்பட்டது.

ஆதன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றான். "நான் அந்த மனுவை எழுதாம இருந்திருந்தா..."

"எழுதாம இருந்திருந்தா போன வருஷம் மாதிரி கம்பளியை வித்துட்டு வேற மாதிரி செத்திருப்பான்," என்றாள் சிவப்பி. "பேசாம அடுப்பைப் பாருங்க. இன்னும் பதிமூணு நாள் இருக்கு."

நாற்பதாம் நாள் வந்தது. குழந்தையின் உள்ளங்கால் சூடாக இருந்தது. மருதி மாடனின் பெயரைச் சார்ந்து ஏதாவது வைக்கலாம் என்றாள். "வேணாம்மா, அவனை மாதிரி இருமப் போறா" என்று சிவப்பி மறுத்துவிட்டாள். செல்லி என்று வைத்தார்கள்.

பனி விலகி, வெயில் ஏறி, ஆண்டின் மிகக் கொதிப்பான மாதம் வந்தது. வெண்சரிவில் பொதுச்சபை எப்போதும் அந்த மாதத்தில்தான் கூடும். குளிரைப் பற்றிப் பதற்றமில்லாமல் முடிவெடுக்க அதுவே தகுந்த காலம் என்பது அரசின் கருத்து. அரண்மனை முற்றத்தின் ஒரு பக்கம், குளிரில் மிகுதியாக நடுங்கியவர்கள் வரிசையில் நின்று, சுட்டெரிக்கும் வெயிலில் அலுவலர் முன்னிலையில் நடுங்கிப் பாக்கியைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். மனதார நடுங்காதவர்கள் மறுபடி நடுங்கச் செய்யப்பட்டார்கள்.

மேடையில் அரசர் வீற்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் குலசிங்கர் எழுந்தார்.

"சமக் கனல் திட்டத்தை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். அத்துடன் ஒரு நற்செய்தி. கீழ்த்தெருவில் மூன்று குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் ஓர் அடுப்பால் குளிரை வென்றதை நம் மேலளவர் நேரில் கண்டு பதிவு செய்துள்ளார். மக்களே கண்டறிந்த வழி இது. ஆகவே வரும் குளிர் முதல், மூன்று குடும்பத்துக்கு ஒரு வீடு. ஒரு வீட்டுக்கு, வழக்கம்போல, ஆறு கரண்டி."

கைதட்டல் எழுந்தது. ஆறும் ஆறும் ஆறும் சேர்ந்துதான் பதினெட்டு. அந்தப் பதினெட்டில்தான் செல்லி பிழைத்தாள். இனி மூன்று வீட்டுக்கும் சேர்த்தே ஆறு. பன்னிரண்டு மாதம்கூட நிறையாத பிள்ளை அடுத்த குளிரைத் தாண்டாது. இதற்குக் கணக்கு வேண்டியதில்லை. இருந்தும் மூன்று தடவை போட்டுப் பார்த்தான். மடியில் செல்லி அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

அரசுப் பதிவாளர் வாக்களிப்பு விதியைப் படித்தார். ஒல்லியான, மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர். படித்ததில் ஒரு சொல்லும் கூடாது, குறையாது என்று பெயரெடுத்தவர்.

"தீர்மானத்தை எதிர்க்கத் தகுதியுள்ளவர்கள் திட்டத்தால் பாதிக்கப்பட்டவர்கள் மட்டுமே. உயிரோடு இருப்பவர்கள் அனைவரும் திட்டத்தின் பயனாளிகள். பயனாளிகள் எதிர்ப்பது முறையன்று. எனவே, சென்ற குளிரில் இறந்தவர்கள் இப்போது எழுந்து நிற்கலாம். நிற்பவரின் பெயர் இறந்தோர் பட்டியலில் ஏற்றப்படும். கனல் பட்டியலிலிருந்து நீக்கப்படும். நிற்பவரே மிகுதியென்றால் தீர்மானம் தோற்கும்."

யாரும் எழவில்லை. குலசிங்கர் பெருமிதத்தோடு அவையைச் சுற்றிப் பார்த்தார்.

"எம் புருஷன் எழுந்து நிக்க மாட்டான்," என்றாள் சிவப்பி, எல்லார் காதிலும் விழும்படி. "இருக்கும்போதே சோம்பேறி."

ஓரிருவர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். ஆதன் தன் கால்களைப் பார்த்தான். நின்றால் கனல் போய்விடும். ஆறில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாமல் போய்விடும். உட்கார்ந்திருந்தால் அந்த மூன்றில் ஒரு பங்கு இருக்கும், அதுவும் போதாது. இரண்டில் எது குறைந்த தப்பு என்று தேடினான். பிறகு மாடன் அந்தத் துணிக் குவியலுக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு எதைக் கணக்குப் போட்டிருப்பான் என்று நினைத்தான்.

செல்லியைத் தூக்கி மருதியிடம் கொடுத்தான். "நீ எழுந்திரிக்காத. இவ பேரு பட்டியல்ல இருக்கட்டும்."

"என்ன செய்யப் போறீங்க?"

அவன் எழுந்து நின்றான்.

பதிவாளர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "நீங்கள் இறந்துவிட்டீர்களா?"

"இறந்தவனால வர முடியல. அவன் கனல்லதான் என் பிள்ளை இருக்கா. அவனுக்காக நிக்கிறேன்."

"விதியில் காரணம் கேட்க இடமில்லை. நிற்கிறீர்கள். பெயர்?"

"ஆதன். கீழ்த்தெரு."

பேனா கீறியது. சிவப்பி எழுந்தாள். "சிவப்பி. அதே தெரு. சீக்கிரம் எழுதுங்க, வெயிலு." சாத்தப்பர் எழுந்தார். பின்வரிசையில், ஆதன் அறியாத யாரோ ஒரு கிழவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். நடுங்கும் வரிசையிலிருந்து ஒருவன் நடுக்கத்தை நிறுத்திவிட்டு, தானும் நிற்பதாகவே எழுதும்படி கேட்டான். அங்கொருவர், இங்கொருவர். ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருந்த முற்றத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அதற்குமேல் யாரும் எழவில்லை.

குலசிங்கர் கலங்கவில்லை. மாறாக, அவர் முகத்தில் துயரம் படர்ந்தது. அதற்கு அவர் முன்பே ஆயத்தமாக இருந்ததுபோலத் தோன்றியது.

"இருநூற்றுப் பன்னிரண்டு குடிமக்களை இந்நாடு இழந்திருக்கிறது. எண்ணிக்கையில் சிறிது, ஆயினும் ஈடு செய்ய முடியாதது. அவர்களுடைய பங்குக் கனல் இனி மிச்சம் என்பதை இந்த வேளையில் சொல்வது பொருத்தமாக இராது. தீர்மானத்தை நிறைவேற்றுமுன் அவர்களுக்கு மரியாதை செலுத்துவோம். அவையோர் அனைவரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனம் காக்கும்படி வேண்டுகிறேன்."

மணி அடித்தது. முற்றம் முழுவதும் எழுந்தது. துணிகள் உரசும் சத்தம் ஓர் அலையைப் போல முன்னிருந்து பின்னால் போயிற்று. அலுவலர்கள் எழுந்தார்கள். காவலர்கள் ஈட்டியைத் தாழ்த்தி நின்றார்கள். அமைச்சர்கள் நின்றார்கள். அரசரும், தோளில் மெல்லத் தட்டப்பட்டு, கண்ணை மூடியபடியே எழுந்து நின்றார்.

அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பதிவாளரின் பேனா.

குலசிங்கர் உதட்டை அசைக்காமல் கேட்டார்: "என்ன எழுதுகிறீர்?"

"நிற்பவர்களின் பெயர்களை, ஐயா. பட்டியலை முடிக்கும் ஆணை இன்னும் வரவில்லை."

"முடித்துக்கொள்ளும்."

"மௌனத்தின்போது ஆணை பிறப்பிக்க விதியில்லை, ஐயா." பதிவாளர் அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

மருதியும் எழுந்திருந்தாள். தோளில் செல்லி. பதிவாளர் அவள் முன் நின்றார். "குழந்தை?"

"அவளுக்கு இன்னும் நிக்கத் தெரியாது," என்றாள் மருதி மெதுவாக. "எழுதாதீங்க."

பதிவாளர் யோசித்தார். குழந்தையின் கால்களைப் பார்த்தார். "சரி. நிற்கவில்லை" என்று தலையசைத்துவிட்டு நகர்ந்தார். வெண்சரிவின் கனல் பட்டியலில் அப்போது மிஞ்சியிருந்தவர்கள் நிற்கத் தெரியாதவர்கள் மட்டுமே. மலையின் நெருப்பு மொத்தமும் அவர்கள் பெயரில் இருந்தது.

குலசிங்கர் ஒருமுறை உட்காரப் பார்த்தார். ஆனால் இறந்தவர்களுக்கான மௌனத்தில் முதலில் உட்காரும் ஆள் யார் என்று ஆயிரக்கணக்கான கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் நின்றார்.

இரண்டு நிமிடம் முடிந்ததற்கான மணி அடித்தது. ஆதன் உட்காரவில்லை. சிவப்பி உட்காரவில்லை. அவர்களைப் பார்த்துப் பக்கத்து வரிசை உட்காரவில்லை. அதைப் பார்த்து அதற்கடுத்த வரிசையும். பதிவாளர் ஒரு புதுத் தாளை எடுத்துக்கொண்டு மேடைப் படிகளில் ஏறினார். அரசரின் முன் வந்து பணிவோடு குனிந்து, முழுப்பெயரை ஒருமுறை சொல்லியருளும்படி கேட்டார்.